குழந்தைக்குத் திடீரென்று வயிறு வலித்தால்: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, எப்போது கிளம்புவது

குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்ததும் பெரும்பாலான பெற்றோர் செய்யும் முதல் காரியம் வயிற்றை அழுத்திப் பார்ப்பது. அடுத்த காரியம், "இங்கே வலிக்கிறதா? இங்கே?" என்று வரிசையாகக் கேட்பது. பயந்துபோன நான்கு வயதுக் குழந்தை எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்லும். அந்த ஆமாம்களை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது.

நான் குழந்தைகள் அவசரப் பிரிவில் செவிலியர். வருகிற குழந்தைகளில் யார் உடனே உள்ளே போக வேண்டும், யார் சற்றுக் காத்திருக்கலாம் என்று பிரிக்கும் மேசை என்னுடையது. நோய்க்குப் பெயர் சொல்வது மருத்துவரின் வேலை. என் வேலை பிரித்து அனுப்புவது. வீட்டில் உங்கள் வேலையும் அதுதான். இது குடல்வாலா (அப்பெண்டிக்ஸ்), வாயுவா, கல்லா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதே கிளம்ப வேண்டுமா, இன்றைக்குள் காட்டினால் போதுமா, வீட்டில் வைத்துக் கவனிக்கலாமா என்ற மூன்றில் ஒன்றை முடிவு செய்தால் போதும். அதற்கு வயிற்றைவிட அதிகமாக உதவுபவை இரண்டு. குழந்தை மொத்தத்தில் எப்படி இருக்கிறது என்பது ஒன்று. எதற்குப் பிறகு எது வந்தது என்கிற வரிசை மற்றொன்று.

தொடுவதற்கு முன்

ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். குழந்தை புரண்டு புரண்டு அழுகிறதா, அசையாமல் சுருண்டு கிடக்கிறதா? பெற்றோரைப் பதற வைப்பது முதலாவது. என்னை நாற்காலியிலிருந்து எழ வைப்பது இரண்டாவது. குடல் சுருங்கிப் பிடிக்கும் வலியில் ஓரிடத்தில் இருக்க முடியாது. குழந்தை எழும், உட்காரும், மண்டியிடும், மறுபடி படுக்கும். வயிற்றின் உட்புறச் சவ்வில் அழற்சி வந்துவிட்டாலோ அசைந்தால் வலி கூடும். அது குழந்தைக்கே தெரிந்துவிடுகிறது. முழங்காலை மடக்கிக்கொண்டு, மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு, யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்று கிடக்கும். புரண்டு அழுவதெல்லாம் சாதாரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. கைக்குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன். ஆனால் சத்தத்தை வைத்து ஆபத்தை அளக்காதீர்கள்.

பிறகு நிறம். உதடும் உள்ளங்கையும் வெளுத்திருக்கின்றனவா? கண் குழிந்திருக்கிறதா? மூச்சு வேகமாக ஓடுகிறதா? பிடித்த பொம்மையைக் காட்டினால் பார்வை திரும்புகிறதா? விளையாட்டின் நடுவே ஓடி வந்து வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி விளையாடப் போகும் குழந்தையிடம் நமக்கு நேரம் இருக்கிறது. விளையாட்டையே மறந்துவிட்ட குழந்தையிடம் அவ்வளவு நேரம் இல்லை.

யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையின் மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். வாந்தி பச்சை நிறத்தில் வருவது. வாந்தியிலோ மலத்திலோ ரத்தம், அல்லது மலம் தார் நிறத்தில் கறுத்துப் போவது. வயிறு உப்பி, விறைத்து, தொடவே விடாமல் இருப்பது. குழந்தை துவண்டுபோய், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் இருப்பது. விரையிலோ தொடை இடுக்கிலோ வலி அல்லது வீக்கம். வயிற்றில் பலமாக அடிபட்ட பிறகு வந்த வலி. பட்டன் பேட்டரி, காந்தம், மாத்திரை எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம். அழுத்தினால் மறையாத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் காய்ச்சலோடு சேர்ந்து வருவது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சலோ தொடர் வாந்தியோ இருப்பது.

பச்சை வாந்தியைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை. மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வருவதைப் பெற்றோர் பச்சை என்று சொல்வதுண்டு. பச்சையை மஞ்சள் என்று சொல்வதும் உண்டு. அதனால் வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பிறந்து சில நாட்களோ வாரங்களோ ஆன குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், குடல் பிறவியிலேயே சரியான இடத்தில் பொருந்தாமல் இப்போது முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று எண்ணித்தான் மருத்துவர்கள் தொடங்குவார்கள். முறுக்கினால் சிறுகுடலுக்குப் போகும் ரத்தமே நின்றுவிடும். குடலைக் காப்பாற்ற இருப்பது சில மணி நேரம்தான். காலையில் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

வரிசையைக் கேளுங்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, வாந்தி எப்போது, காய்ச்சல் எப்போது, கடைசியாக மலம் கழித்தது எப்போது, சிறுநீர் எப்போது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று நேரத்தோடு எழுதுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம். என் மேசைக்கு வரும் அப்பா ஒரு நேரம் சொல்வார், அம்மா வேறொரு நேரம் சொல்வார், கூட வந்த பாட்டி இரண்டையும் மறுப்பார்.

இந்த வரிசை எதற்கு? வாந்தி முதலில் வந்து, பிறகு வலி வந்து, பிறகு வயிற்றுப்போக்கும் தொடங்கினால் பெரும்பாலும் குடல் தொற்று. வலி முதலில் வந்து, சில மணி நேரம் கழித்து வாந்தி வந்தால் குடல்வால் அழற்சி நினைவுக்கு வர வேண்டும். இது நூறு சதவீதம் பொய்க்காத விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு செலவில்லாமல் வீட்டிலேயே கிடைக்கும் தகவல்களில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரிந்து வேறில்லை.

குழந்தையிடம் கேட்கும்போது விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "ஒரே ஒரு விரலால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டு" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உள்ளங்கையால் தொப்புளைச் சுற்றித் தடவிக் காட்டினால் அது இன்னும் இடம் பிடிக்காத வலி. ஒரு விரலை ஒரு புள்ளியில் வைத்து, அதுவும் தொப்புளை விட்டு விலகிய புள்ளியில் வைத்தால், கவனமாகக் கேட்க வேண்டிய வலி. இங்கிலாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஜான் ஆப்லி 1950களில் பள்ளிக் குழந்தைகளின் வயிற்று வலியை விரிவாக ஆராய்ந்தவர். வலி தொப்புளிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவுக்கு உடலில் ஒரு நோய்க் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அவருடைய விதியை இன்றும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: குடல்வால் அழற்சியும் தொப்புளில்தான் ஆரம்பிக்கிறது. எனவே தொப்புளைக் காட்டியதும் நிம்மதியடைந்துவிடாமல், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். விரல் இடம் மாறினால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள்.

கை வைக்கும் முறை

படுக்க வைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லுங்கள். வயிற்றுத் தசை தளரும். உங்கள் கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். குழந்தையின் கையை அதன் வயிற்றின் மேல் வைத்து, அதன் மேல் உங்கள் கையை வையுங்கள். தன் கை நடுவில் இருப்பதால் கூச்சமும் பயமும் குறையும். வலிக்கிறது என்று சொல்லும் இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, மெதுவாக, கடைசியாக அந்த இடத்துக்கு வாருங்கள். வயிற்றைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். எதைப் பற்றியாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே அழுத்துங்கள். பேச்சு சட்டென்று நின்று புருவம் சுருங்கும் இடம்தான் வலிக்கும் இடம். ஒரு முறை போதும். வீட்டில் உள்ள ஆளுக்கு ஒரு தடவை அழுத்தி, நான் பார்ப்பதற்குள் வயிறு முழுவதும் வலிக்கும்படி செய்து கூட்டி வருவது எங்களுக்குப் பெரிய தொல்லை.

கையே வைக்காமல் செய்யும் சோதனைகள் இன்னும் மேல். பலமாக இருமச் சொல்லுங்கள். வயிற்றை நன்றாக உப்ப வைத்துப் பிறகு உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். எழுந்து நின்று ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லுங்கள், முக்கியமாக வலது காலில். சிரித்துக்கொண்டே நான்கு முறை குதிக்கும் குழந்தைக்கு உட்சவ்வில் அழற்சி இருக்கும் வாய்ப்புக் குறைவு. ஒரு முறை குதித்துவிட்டு வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டால், அல்லது முகத்தைச் சுளித்து மாட்டேன் என்றால், வண்டியை எடுங்கள். வரும் வழியில் வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வலியில் கத்தினானா என்பதை நான் தவறாமல் கேட்பேன். அதுவும் இதே சோதனைதான்.

குடல்வால் அழற்சி

பெற்றோர் அதிகம் பயப்படுவது இதைக் கண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறது. பத்து வயதை ஒட்டியும் பதின்பருவத்திலும் அதிகம் வரும். சின்னக் குழந்தைகளுக்குக் குறைவு. பாடப் புத்தகத்தில் இருப்பது இப்படி: தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, பசியே இல்லாமல் போவது, ஓரிரு முறை வாந்தி, பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே தங்குவது, லேசான காய்ச்சல். வலது இடுப்பு எலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வரும் புள்ளியில்தான் அழுத்தினால் அதிகம் வலிக்கும். சார்லஸ் மெக்பர்னி என்ற அறுவை மருத்துவர் 1889இல் விவரித்த இந்தப் புள்ளி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

குழந்தைகள் பாடப் புத்தகம் படித்துவிட்டு நோயுறுவதில்லை என்பதுதான் சிக்கல். குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருந்தால் முன்பக்கம் அழுத்தினால் அவ்வளவாக வலிக்காது. குழந்தை வலது காலைத் தாங்கித் தாங்கி நடக்கும், பெற்றோர் எங்கோ விழுந்திருப்பான் என்று எண்ணுவார்கள். இடுப்புக் குழிக்குள் இறங்கியிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுப்போக்கு வரும், அடிக்கடி சிறுநீர் வரும். தொற்று என்று எண்ணுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிடாது, சிணுங்கும், வயிறு உப்பும். அந்த வயதில் குடல்வால் வெடித்த பிறகே தெரியவருவது அதிகம்.

பசியைப் பற்றிக் கேட்கும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். "உனக்கு மிகவும் பிடித்ததை இப்போது கொடுத்தால் சாப்பிடுவாயா?" என்று கேளுங்கள். கண் மலர்ந்தால் ஓரளவு ஆறுதல்.

மணிக்கணக்காகத் துடித்த குழந்தைக்கு வலி திடீரென்று விட்டுப்போனால் எல்லாரும் மகிழ்ந்துபோகிறார்கள். வெடித்தவுடன் உள்ளே இருந்த அழுத்தம் குறைவதாலும் அப்படி ஆகும். சில மணி நேரத்தில் வயிறு முழுவதும் வலி பரவி, காய்ச்சல் ஏறும். ஆகவே குடல்வால் சந்தேகம் ஒரு முறை வந்துவிட்டால், வலி நின்றுவிட்டது என்பதற்காகக் கிளம்பிய வண்டியைத் திருப்பாதீர்கள்.

கைக்குழந்தையின் அழுகை

மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை, குறிப்பாக ஒரு வயதுக்குள், மனத்தில் வைக்க வேண்டியது குடல் செருகல். சட்டைக் கையை உள்ளே மடித்து இழுப்பது போலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும். நன்றாக இருந்த குழந்தை திடீரென்று வீறிட்டு அழும், கால்களை வயிற்றோடு மடக்கும், வெளுத்துப்போகும். சில நிமிடங்களில் விட்டுவிடும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். பதினைந்து, இருபது நிமிடங்களில் மறுபடி வீறிடும். போகப் போக இடைவெளி குறையும். இடைப்பட்ட நேரத்தில் விளையாடிய குழந்தை இப்போது அந்த நேரத்தில் சோர்ந்து கிடக்கும்.

ரத்தமும் சளியும் கலந்த மலம் வரும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது தாமதமாக வரும் அறிகுறி; அதற்காகக் காத்திருக்கக் கூடாது. சில குழந்தைகளிடம் அழுகையே இராது, வெறும் துவளல் மட்டும் இருக்கும். எனக்கு வேண்டியது அந்த இடைவெளிக் கணக்கு. கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு அழுகையும் தொடங்கிய நேரத்தைக் குறியுங்கள். முடிந்தால் ஓர் அழுகையைத் தொலைபேசியில் வீடியோ எடுங்கள், ஏனென்றால் நீங்கள் என் மேசைக்கு வந்து சேரும் அந்தச் சரியான நிமிடத்தில் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இது நன்றாகத் தெரியும். நேரத்தோடு வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை இல்லாமல், ஆசனவாய் வழியாகக் காற்றையோ திரவத்தையோ செலுத்தியே சரிசெய்துவிடுவார்கள். மீண்டும் வரக்கூடும் என்பதால் வீடு திரும்பிய பிறகும் சில நாள் கண் வைத்திருங்கள்.

வயிற்றில் வலி, நோய் வேறிடத்தில்

நான் அதிகம் எழுத விரும்பும் பகுதி இது. குழந்தை வலியை வயிறு என்று சொல்லும். காரணம் வயிற்றிலேயே இராது.

ஆண் குழந்தை என்றால், எந்த வயதானாலும், உள்ளாடையைக் கழற்றிப் பாருங்கள். விரை முறுக்கிக்கொண்டால் அடிவயிற்றில் வலியும் வாந்தியும் வரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் அம்மாவிடம் வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லுவான், கூச்சப்பட்டு மற்றதைச் சொல்ல மாட்டான். பதின்பருவம்தான் இது அதிகம் வரும் பருவம். ஒரு பக்கம் வீங்கி, சிவந்து, மேலே ஏறி, தொட்டால் துடிப்பான். ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை எடுத்தால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றலாம். அதற்குப் பிறகு வாய்ப்பு வேகமாகக் குறையும். இங்கே வெட்கம் நேரத்தைத் தின்கிறது. அப்பாவோ, அண்ணனோ, மாமாவோ, அவன் யாரிடம் பேசுவானோ அவரைக் கேட்கச் சொல்லுங்கள். கைக்குழந்தை என்றால் தொடை இடுக்கில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அழும்போது மட்டும் வந்து போய்க்கொண்டிருந்த குடலிறக்கம் (ஹெர்னியா) இன்று உள்ளே போகாமல் இறுகி நின்றால் அது அவசரம். அதை அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

பெண் குழந்தைக்குச் சூலகம் (கருமுட்டைப் பை) முறுக்குவதும் இதே அளவு அவசரம்: ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் வலி, கூடவே வாந்தி. பருவ வளர்ச்சி எல்லாம் வந்தும் மாதவிடாய் மட்டும் வராத பெண்ணுக்கு மாதந்தோறும் அடிவயிறு வலித்தால், ரத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எளிதில் சரிசெய்யக்கூடியது, யாரும் கேட்காததால்தான் மாதக்கணக்கில் இழுக்கும். வயதுக்கு வந்த பெண்ணிடம் கருத்தரிப்பைப் பற்றி நாங்கள் தனியாகக் கேட்போம், சிறுநீர்ப் பரிசோதனையும் செய்வோம். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லாரிடமும் கேட்கிறோம்.

அடுத்தது மார்பு. நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா வந்தால் குழந்தை வயிற்றைத்தான் காட்டும். சட்டையைத் தூக்கி, குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஒரு வயதுக்குள் (இரண்டு மாதம் முடிந்த பிறகு) நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உலக சுகாதார நிறுவனம் அதை வேக மூச்சு என்று வகுத்திருக்கிறது. காய்ச்சல், இருமல், வேக மூச்சு, வயிற்று வலி என்று சேர்ந்து வந்தால் வயிற்றை மறந்துவிட்டு நுரையீரலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொண்டை: காய்ச்சலோடு டான்சில் சிவந்து வீங்கியிருக்கும்போது வயிறும் வலிக்கும், வாந்தியும் வரும். சளி, காய்ச்சல் வந்த கையோடு வயிற்றிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கி, குடல்வாலைப் போலவே வலியைக் காட்டுவதும் உண்டு. அது தானாகச் சரியாகிவிடும். ஆனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவர்தான் வேண்டும், பல நேரம் ஸ்கேனும் வேண்டும்.

சிறுநீர்: எரிச்சல், நாற்றம், அடிக்கடி போவது, படுக்கையை நனைப்பதை விட்டிருந்த குழந்தை மறுபடி நனைப்பது. காரணம் தெரியாத காய்ச்சலும் வயிற்று வலியும் உள்ள சின்னக் குழந்தைக்குச் சிறுநீரைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது.

சர்க்கரை. இதைக் கேட்க எல்லாருக்கும் தோன்றுவதில்லை. சில வாரங்களாகத் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது, உடல் இளைப்பது. இப்போது வயிற்று வலி, வாந்தி, நீண்டு ஆழமாக இழுக்கும் மூச்சு, வாயில் பழ வாசனை. இது நீரிழிவு முற்றி ரத்தம் அமிலமாகும் நிலை. வயிற்றுக் கோளாறு என்று எண்ணி வீட்டில் வைத்திருந்தால் குழந்தை மயக்கத்துக்குப் போய்விடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

தோல்: கால்களிலும் பிட்டத்திலும் மேடாகத் தடித்த சிவப்பு, ஊதாப் புள்ளிகள் இருக்கின்றனவா? முழங்காலோ கணுக்காலோ வலிக்கிறதா? சிறு ரத்தக் குழாய்களில் வரும் ஒரு வகை அழற்சி வயிற்றையும் பிடிக்கும்; சில நேரம் வயிற்று வலி முந்திக்கொள்ளும், புள்ளிகள் பிறகு வரும். கண்ணின் வெள்ளையில் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறம், வலது விலாவுக்குக் கீழே வலி என்றால் கல்லீரல். கொசுவால் டெங்கு பரவும் இடமாக இருந்தால், காய்ச்சல் இறங்கும் நாளில் வரும் கடும் வயிற்று வலியையும் விடாத வாந்தியையும் ஆபத்து அறிகுறியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடியும் விழுங்கியதும்

சைக்கிள் கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தியதா என்று கேட்பேன். வெளியே ஒரு சின்ன வட்டத் தழும்புதான் இருக்கும். உள்ளே கணையமும் முன்சிறுகுடலும் முதுகெலும்புக்கும் கைப்பிடிக்கும் நடுவே நசுங்கியிருக்கும். வலியும் வாந்தியும் மறுநாள்கூட வரலாம். யாராவது அடித்தார்களா என்றும் கேட்பேன். குழந்தை விழுந்ததை, அடிவாங்கியதை மறைப்பதுண்டு. திட்டுவோம் என்ற பயம். முதலில் திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஒரு காந்தத்துக்கு மேல் விழுங்கினால், அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்குக் குறுக்கே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இடையில் சிக்கிய சுவரைத் துளைத்துவிடும். பட்டன் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அரிக்கும். இரும்புச் சத்து மாத்திரையை மிட்டாய் என்று தின்ற குழந்தைக்கும் வயிற்று வலியும் வாந்தியும்தான் முதலில் வரும். எதற்கும் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கிய பொருளின் அட்டையை, பெட்டியைக் கொண்டு வாருங்கள்.

நிறையப் பேருக்கு வருவது

இவ்வளவு பயமுறுத்திய பிறகு இதையும் சொல்ல வேண்டும்: வயிற்று வலியோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மலச்சிக்கலோ சாதாரணக் குடல் தொற்றோதான்.

மலச்சிக்கல் துடிதுடிக்க வைக்கும் அளவுக்கு வலிக்கும் என்பதைப் பெற்றோர் நம்புவதில்லை. தினமும் போகிறானே என்பார்கள். கெட்டியாக, உருண்டை உருண்டையாக, கொஞ்சமாகத் தினமும் போவதும் மலச்சிக்கல்தான். உள்ளாடையில் அடிக்கடி கறை படுவதும் அதன் அடையாளமே: இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவது. சாப்பிட்டவுடன் வலி வரும், இடது அடிவயிற்றில் கெட்டியாகத் தட்டுப்படும், மலம் கழித்ததும் சட்டென்று ஓயும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்கி வைக்கும் குழந்தைகளிடம் இது சாதாரணம். ஆனால் வலி என்னவென்று தெளிவாகும் முன் எனிமாவோ பேதி மருந்தோ கொடுக்காதீர்கள்.

குடல் தொற்றில் வலி அலை அலையாக வந்து போகும், வயிறு மெத்தென்றிருக்கும். கவனிக்க வேண்டியது நீர்ச்சத்து. ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, கண்ணீரில்லாமல் அழுவது, நாக்கு வறண்டிருப்பது, கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்குவது எல்லாம் மருத்துவமனைக்கு வரச் சொல்லும் அறிகுறிகள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் அப்படியே கலக்குங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒரு தேக்கரண்டி, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து மறுபடி ஒரு தேக்கரண்டி. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

தொப்புளைச் சுற்றி அடிக்கடி வந்து போகும், இடையில் குழந்தை முழு நலமாக இருக்கும், எடை கூடுகிறது, இரவில் தூக்கத்தைக் கலைக்காது என்றால் மனக்கலக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வலி நடிப்பில்லை, உண்மையாகவே வலிக்கும். பள்ளி நாளில் மட்டும் வருகிறதா, விடுமுறையில் வருவதில்லையா என்பதைச் சில வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எடை குறைதல், இரவில் எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் மனக்கலக்கம் என்று தள்ளிவிடக் கூடாது.

கொடுப்பதும் கொடுக்காததும்

வலி மருந்து கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று குழந்தையைத் துடிக்க விட்டுக் கூட்டி வருவார்கள். தேவையில்லை. பாராசிட்டமால் கொடுக்கலாம், வலி சற்றுத் தணிந்த குழந்தையைப் பரிசோதிப்பது எங்களுக்கும் எளிது. வயதைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள்: கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் இல்லை. சிரப்புகள் 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் வருகின்றன. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது. பாட்டிலைப் படிக்காமல் மூடியில் ஊற்றாதீர்கள். மூன்று மாதத்துக்குள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுப்ரோஃபென் வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்த வயிற்று மாத்திரையை உடைத்துப் பாதி கொடுப்பதும், வாந்தியையோ போக்கையோ நிறுத்தும் மருந்தை நீங்களாக வாங்குவதும் கூடாது. கிளம்புவது என்று முடிவாகிவிட்டால் சாப்பாடு கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் காலி வயிறு வேண்டும். கைக்குழந்தையாக இருந்தாலோ வழி நீண்டதாக இருந்தாலோ பாலும் தண்ணீரும் கொடுக்கலாமா என்று போகும் இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மேசைக்கு வந்ததும்

நேரம் குறித்த காகிதத்தைக் கொடுங்கள். கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நேரம், குழந்தையின் எடை, ஒவ்வாமை, முன்பு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். முன்பு அறுவை நடந்த குழந்தைக்கு உள்ளே தழும்புத் திசு குடலை இழுத்து அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு, அதனால்தான் கேட்கிறோம். வழியில் சிறுநீர் வந்தால் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள், நேரம் மிச்சமாகும்.

மருத்துவர் சிறுநீர், ரத்தம் பார்க்கலாம், அல்ட்ராசவுண்ட் செய்யலாம். கதிர்வீச்சு இல்லாததால் குழந்தைகளுக்கு முதலில் அதைத்தான் செய்வார்கள். ஸ்கேனில் குடல்வாலே கண்ணுக்குத் தட்டுப்படாமல் போவதும் நடக்கும். அப்போது சில மணி நேரம் படுக்கையில் வைத்துக் கவனித்து, மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்றுமே செய்யாமல் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பெற்றோர் அப்போதுதான் சண்டைக்கு வருவார்கள். அந்த இரண்டாவது பரிசோதனைதான் அன்றைய சிகிச்சையின் பாதி.

வீட்டுக்கு அனுப்பினால், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் மறுபடி காட்ட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரவு ஒரு தடவை எழுப்பி, அதே ஒரு விரல் கேள்வியைக் கேளுங்கள்; காலையில் ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லுங்கள். நேற்றைவிட மோசமாகத் தோன்றினால், முந்தைய நாள் பார்த்தவர்கள் என்ன சொல்லியிருந்தாலும், திரும்ப வாருங்கள்.